மனப்பாடமும் மதவாதமும்: கிரகணத்தன்று நின்ற உலக்கை

"நம் பள்ளிகளில் மனப்பாடத்தை ஒழித்துவிட்டு விமர்சனச் சிந்தனையைக் கற்றுக்கொடுத்தால் மத அடிப்படைவாதம் தானாகவே ஒழிந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒழியாது என்பதே என் பதில். ஆனாலும் உங்கள் கேள்விக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பிரித்துச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் மனப்பாடத்தின் மீதுள்ள பழியைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கிறது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்கு மலையாகிவிடும். தனிமங்களின் குறியீடுகள் நினைவில் இல்லாதவருக்கு வேதிச் சமன்பாடு வெறும் எழுத்துக் கோலம். நினைவில் சரக்கு இல்லாமல் யாராலும் சிந்திக்க முடியாது. மாணவன் எப்படிப் பயில வேண்டும் என்று சொல்லும் நன்னூல் நூற்பா "பாடம் போற்றல்" என்பதையும், "வினாதல், வினாயவை விடுத்தல்" என்பதையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. பாடத்தை நெஞ்சில் நிறுத்து, கேட்டதைத் திரும்ப நினை, ஆசிரியரிடம் போய் மறுபடி கேள், உன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து பயில், வினவு, பிறர் வினவினால் விடை சொல் என்ற இத்தனையையும் கடமையாகக் கொண்டால்தான் மடமை நீங்கும் என்பது நன்னூலை எழுதிய பவணந்தியார் கணக்கு. நம் பள்ளிகள் அந்தப் பட்டியலின் முதல் பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியைக் கைவிட்டுவிட்டன. என் குறை அந்தப் பின்பாதியைப் பற்றியதுதான்.

கைவிடப்பட்டது எப்படி என்பதை விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும். ஓடும் பேருந்து திடீரென நிறுத்தப்படும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்வது ஏன் என்று ஒரு வினா. விடைக்குறிப்பில், நாங்கள் 'கீ' என்று சொல்வதில், "இயக்கத்தில் நிலைமம்" என்ற தொடர் தடித்த எழுத்தில் இருந்தது. என் கட்டில் இருந்த ஒரு விடைத்தாளில் மாணவர் ஒருவர், கால் பேருந்தின் தரையோடு சேர்ந்து நின்றுவிடுகிறது என்றும், மேல் உடம்பு முன்பு போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகப் பார்க்கிறது என்றும், அதனால்தான் சாய்கிறோம் என்றும், கம்பியைப் பிடித்திருந்தால் அந்தக் கம்பிதான் உடம்பையும் நிறுத்துகிறது என்றும் தன் சொந்த நடையில் எழுதியிருந்தார். நிலைமம் என்ற சொல் மட்டும் இல்லை. அடுத்த விடைத்தாளில் "இயக்கத்தில் நிலைமம்" என்ற இரண்டே சொற்கள் இருந்தன. இரண்டாவதற்கு முழு மதிப்பெண். முதலாவதற்குப் பாதியாவது போட முதன்மைத் தேர்வாளரிடம் நான் கால் மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. அவர் கெட்டவர் அல்லர். ஆயிரக்கணக்கான தாள்களை ஒரே அளவுகோலால் திருத்தியாக வேண்டும், நாளைக்கு மறுமதிப்பீட்டுக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆனால் அந்த மாணவரும் அவருடைய தம்பி தங்கைகளும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: புரிந்ததை எழுதாதே, புத்தகத்தில் உள்ளதை எழுது.

இதன் மேல்தான் மற்ற கட்டடங்கள் எழுந்தன. பாடத்தின் முடிவில் உள்ள 'புக் பேக்' வினாக்கள் மட்டும் போதும் என்ற கைடுகள், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வரும் என்ற ப்ளூ பிரிண்ட் கணக்கு, மெல்லக் கற்போருக்கென்று அச்சடித்துத் தரப்படும் 'மினிமம் மெட்டீரியல்', பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகள். ப்ளூ பிரிண்ட் போய்விட்டது, சில ஆண்டுகள் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு இருந்தது, 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பும் நின்றது. சீர்திருத்தமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் உலக அளவில் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அறிவியலையும் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றினுடைய நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் கடைசிச் சில இடங்களில் வந்ததை மறக்கக் கூடாது. மாணவர்கள் படிக்காததால் அப்படி ஆகவில்லை. பாடநூலில் இல்லாத ஒரு சூழலைக் கொடுத்து, படித்ததை அங்கே பயன்படுத்து என்றால் நம் பிள்ளைகளுக்குக் கை ஓடவில்லை. அதற்குப் பின் வந்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டோம்.

சரி, இதற்கும் மதத்துக்கும் என்ன தொடர்பு? 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் நடுவே கங்கண சூரிய கிரகணம் கடந்து போனது. நான் அப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரை மணியளவில் எங்கள் ஊருக்கு மேலேயே சூரியன் வளையமாகத் தெரிந்தது; அப்படியொரு காட்சி ஒருவர் வாழ்நாளில் சொந்த ஊரில் இன்னொரு முறை கிடைப்பது அரிது. அரையாண்டு விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிடாமல், தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் கிரகணப் படத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னால் அந்த நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேர் கருநிழல், புறநிழல் எல்லாம் குறித்துப் பிழையில்லாமல் வரைவார்கள். அந்தப் படம் மதிப்பெண்ணுக்கு, வீட்டில் சொன்னது வாழ்க்கைக்கு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டையிடவே இல்லை. ஏனென்றால் இரண்டும் ஒரே வழியாகத்தான் உள்ளே வந்திருந்தன. பெரியவர் சொன்னார், ஏற்றுக்கொண்டோம்.

கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டால் அது தானாகச் செங்குத்தாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பது நம் ஊர்களில் பலரும் செய்து பார்க்கும் ஒன்று. அன்றும் தெருவுக்கு ஒரு உலக்கை நின்றிருக்கிறது. கைப்பேசியில் படம் வேறு. "நானே கண்ணால பார்த்தேன் சார்" என்றான் ஒரு பையன். அவனை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, அவன் பொய் சொல்லவில்லை. மறுநாள் ஓர் உலக்கையும் தாம்பாளமும் கொண்டுவரச் சொன்னேன். கிரகணம் போய்ப் பத்து நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. அடியில் இரும்புப் பூண் போட்ட, ஓரளவு தட்டையான அடியுள்ள உலக்கை. முதல் மூன்று முறை சாய்ந்து விழுந்தது. நான்காவது முறை அந்தப் பையனே இரண்டு விரல்களால் மெல்லப் பிடித்து, நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, கையை எடுத்தான். நின்றது. வகுப்பு ஒரு கணம் சத்தமில்லாமல் இருந்து பிறகு ஆரவாரம் செய்தது. தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டும் நிறுத்திப் பார்த்தோம், நின்றது. எடை மையம், அடிப்பரப்பு என்று நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "சார், கிரகணத்தன்னிக்கு நின்ன உலக்கையத்தான எல்லாரும் போட்டோ எடுத்தாங்க, அன்னிக்கு நிக்காம விழுந்தது எத்தனைன்னு யாருக்காவது தெரியுமா?"

இருபத்தொன்பது ஆண்டுகளில் என் வகுப்பில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். நான் காட்டியது கிரகணம் இல்லாத நாளிலும் உலக்கை நிற்கும் என்பதை மட்டுமே. அவர் கேட்டதோ, நம்பிக்கைக்கு ஆதரவான சான்று மட்டும் ஏன் நம் கண்ணுக்கு வருகிறது, எதிரான சான்று எங்கே போய்விடுகிறது என்பதை. சாமியார் சொன்னது பலித்த நான்கு பேரைப் பற்றிப் பேசும் ஊர் பலிக்காத நானூறு பேரைப் பற்றிப் பேசாததும் இதே கணக்குத்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன் மாலையில் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் உலக்கையை நிறுத்திக் காட்டியிருக்கிறான். "இன்னிக்கும் ஏதோ தோஷம் இருக்கும்டா" என்று சொல்லிவிட்டாராம் பாட்டி. எந்தச் சோதனை வந்தாலும் தோற்காத நம்பிக்கை அது. பாட்டியிடம் இருக்கும்போது அது சிரிப்பதற்குரியது, யாருக்கும் கேடில்லை. அதே மனப்பாங்கு ஓர் அமைப்பாகத் திரண்டு, கையில் அதிகாரத்தோடு, அடுத்தவர் பிள்ளைக்கும் இதைத்தான் கற்பிக்க வேண்டும் என்று பள்ளி வாசலில் வந்து நிற்கும்போதுதான் அதற்கு அடிப்படைவாதம் என்று பெயர். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவரை நான் அந்தச் சொல்லால் குறிக்கவில்லை. நான் கூட வேலை பார்த்தவர்களில் மிகக் கறாராகச் சான்று கேட்கும் இயற்பியல் ஆசிரியர் வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவறவிட்டதில்லை.

அது வாசலில் வந்து நின்றதை அண்மையில் சென்னையிலேயே பார்த்தோம். 2024 ஆகஸ்ட் இறுதியில் அரசுப் பள்ளிகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் அழைக்கப்பட்ட ஒருவர், உடற்குறையோடும் வறுமையோடும் பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற பொருளில் மாணவிகளிடையே பேசினார். அந்தக் கூட்டத்தில் இருந்த பார்வைத்திறன் இல்லாத தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இப்படிப் பேசலாமா என்று எதிர்த்தார். பேச்சாளர் மேடையிலிருந்தே அவரோடு வாதம் செய்தார். காணொளி பரவியது, அரசு நடவடிக்கை எடுத்தது, பேச்சாளர் கைதானார், அமைச்சர் பள்ளிக்கே வந்து அந்த ஆசிரியரைப் பாராட்டினார். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. கைது இதற்குச் சரியான விடையா என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த அரங்கில் அத்தனை பேர் இருந்தும் எழுந்து நின்றவர் ஒருவர்தான். அதிலும், தன் உடலையே எடுத்துக்காட்டாக வைத்து யாரோ பேசுகிறார் என்று உணர்ந்தவர்தான் எழுந்தார். மற்றவர்கள் அந்தப் பேச்சை நம்பினார்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையில் இருப்பவரை இடைமறித்து "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பது நம் பள்ளிகளில் ஒழுங்கீனம். மாணவிகள் பயின்ற பழக்கம் ஆசிரியர்களுக்கும் படிந்திருந்தது, அவ்வளவே.

சட்டத்தில் குறையில்லை. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் உறுப்பு. 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51ஏ(எச்), அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் சீர்திருத்த உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. இதையும் பத்தாம் வகுப்பில் அடிப்படைக் கடமைகள் என்ற தலைப்பில் வரிசையாக எழுதிக் காட்டினால் மதிப்பெண் உண்டு. ஆராயும் உணர்வைக்கூட ஒப்பிக்க வைத்துவிட்டோம்.

இனி உங்கள் கேள்வியின் தவறான பாதிக்கு வருகிறேன். மனப்பாடக் கல்வி இருந்தால் அடிப்படைவாதம் வளரும், இல்லாவிட்டால் வளராது என்ற சமன்பாடு பல இடங்களில் உடைகிறது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவில் நல்ல பல்கலைக்கழகங்களில் அறிவியலும் மருத்துவமும் படித்தவர்கள் இருந்தார்கள். அந்த வாயுவை ஆய்வகத்தில் தயாரித்தவர் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். இஸ்லாமியத் தீவிரவாத இயக்கங்களில் பொறியியல் படித்தவர்களின் விகிதம், மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட மிக அதிகம் என்று டியேகோ கம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். படிப்பு என்பது ஒரு துறைக்குள் கூர்மையாக இருந்துகொண்டு, அந்தத் துறைக்கு வெளியே கண்ணை மூடிக்கொள்ளவும் இடம் தரும்.

அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே பள்ளிகளில் நம் அளவுக்கு ஒப்பித்தல் கிடையாது. வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்பதுதான் அங்கே மரியாதை. அப்படியிருந்தும் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக 1925இல் டென்னசி மாநிலத்தில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். எண்பது ஆண்டு கழித்து, பென்சில்வேனியாவின் டோவர் என்ற சிற்றூரில் பள்ளி நிர்வாகக் குழு அடிப்படைவாதத்தை வேறொரு உடையில் கொண்டுவந்தது. டார்வினின் கொள்கை உறுதியான உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு, உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வேறொரு விளக்கமும் இருக்கிறது, மாணவர்கள் திறந்த மனத்தோடு இருக்க வேண்டும் என்ற அறிக்கையை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன் வாசிக்கச் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பெற்றோர் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தார்கள். இது மதக் கருத்தே, அறிவியல் அல்ல என்று 2005 டிசம்பரில் நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அவர் நாத்திகரும் அல்லர், இடதுசாரியும் அல்லர், ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது அந்த அறிக்கையின் மொழி. திறந்த மனம், இடைவெளிகள், மாற்று விளக்கம் எல்லாம் விமர்சனச் சிந்தனையின் சொற்கள் அல்லவா? நம் ஊரிலும் 2018 ஜனவரியில், அப்போது மத்தியில் உயர்கல்வித் துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. "யார் பார்த்தது?" என்பதும் கேள்விதான். வாட்ஸ்அப்பில் தடுப்பூசியைச் சந்தேகிப்பவரும் கேள்விதான் கேட்கிறார். கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நண்பர்களிடம் நான் எப்போதும் முரண்படுவது இங்கேதான். பின் பெஞ்சு மாணவியின் கேள்விக்கும் அமைச்சரின் கேள்விக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவிக்குத் தன் கேள்விக்கு விடை தேவைப்பட்டது. எத்தனை உலக்கை விழுந்தது என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும், கிடைத்த விடை எதுவானாலும் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். அமைச்சருக்கு விடை ஏற்கெனவே தெரியும். கேள்வி என்பது வெறும் கதவடைப்பு. எந்தச் சான்று வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், இரண்டும் பிரிந்துவிடும். அப்படிக் கேட்பதற்குப் புதைபடிவம் என்றால் என்ன, பாறையின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள் என்ற அறிவு வேண்டும். பாடப்பொருள் இல்லாத விமர்சனச் சிந்தனை வெறும் வாய்த்துடுக்காகவே முடியும்.

அதனால்தான் 2023இல் நடந்தது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. கொரோனா காலப் பாடச்சுமைக் குறைப்பு என்ற காரணத்தைச் சொல்லி, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்று சுருங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்போடு அறிவியலை விடுகிற, அல்லது உயிரியலைத் தவிர்த்துக் கணினிக்கும் வணிகத்துக்கும் போகிற பெரும்பான்மைப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை ஒருபோதும் திறக்கப் போவதில்லை. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை விமர்சனச் சிந்தனையை எத்தனையோ இடங்களில் பாராட்டுகிறது. அந்தச் சிந்தனைக்கு இரை போடும் பாடத்தை எடுத்துவிட்டுச் சிந்தனையை மட்டும் வளர்ப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இலங்கையின் நிலை வேறு மாதிரி. அங்கே நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். பிள்ளை பிறந்த வீட்டின் சமயத்தைப் படிக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை சைவநெறியில் 'ஏ' எடுக்கும்; அடுத்த வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளையின் பாடத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, சிங்களப் பிள்ளையின் பௌத்தம் பற்றியும் தெரியாது. நாயன்மார் வரலாறு பலவுள் தெரிவு வினாவாகிவிடும்போது சமயத்துக்கும் நன்மையில்லை, சிந்தனைக்கும் நன்மையில்லை. எல்லாச் சமயங்களையும் ஒப்பிட்டுக் கற்பித்தால் என்ன என்று அங்குள்ள ஆசிரிய நண்பர் ஒருவரிடம் கேட்டேன். எல்லாச் சமயத்தவரும் சேர்ந்து எதிர்ப்பார்கள் என்றார்.

அவர் சொன்னது நடந்தே இருக்கிறது, நம் பக்கத்து மாநிலத்தில். 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் 'மதமில்லாத்த ஜீவன்' என்று ஒரு சிறு உரையாடல் இருந்தது. பள்ளியில் சேர்க்க வந்த பையன் பெயர் ஜீவன். தலைமையாசிரியர் மதம் என்ன என்று கேட்கிறார். மதம் வேண்டாம் என்கிறார்கள் வெவ்வேறு மதங்களில் பிறந்த பெற்றோர். பெரியவனானதும் தனக்கு ஒரு மதம் வேண்டும் என்று தோன்றினால்? அப்போது விருப்பமானதை அவன் தேர்ந்துகொள்ளட்டும். அவ்வளவுதான் பாடம். தமக்குள் ஒத்துப்போகாத மத அமைப்புகள் இதற்கு எதிராக மட்டும் ஒரே குரலில் பேசின. நூல்கள் தெருவில் எரிக்கப்பட்டன. மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர்களின் பயிற்சிக் கூட்டத்தை முற்றுகையிட்ட போராட்டத்தில் தாக்கப்பட்ட தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார். அரசு பாடத்தை மாற்றியது. பாடநூலில் நெட்டுருவுக்கான நூறு பக்கங்கள் இருந்தால் யாருக்கும் கோபம் வராது. உண்மையாகவே ஒரு கேள்வியைக் கேட்கும் ஒரு பக்கம் வந்தால்தான் வரும்.

தமிழ்நாட்டில் நமக்கு ஒரு மிதப்பு உண்டு. இது பெரியார் மண், இங்கே இதெல்லாம் எடுபடாது என்போம். பாடநூலில் பெரியார் இருக்கிறார், சரிதான். ஆனால் "பெரியாரின் பகுத்தறிவுக் கொள்கைகளைத் தொகுத்து எழுதுக" என்று நெடுவினா கேட்டு, முன்னுரை, பெண் விடுதலை, சாதி ஒழிப்பு, மூடநம்பிக்கை எதிர்ப்பு, முடிவுரை என்று உட்தலைப்புகளோடு ஒப்பிக்கச் சொல்கிறோம். உட்தலைப்பு இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே என்று மேடைக்கு மேடை சொன்ன மனிதரை, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக நம்ப வைக்கிறோம். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளின் கதியும் இதுதான். அதை அலகிட்டு வாய்பாடு எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு அந்தக் குறளை அடிபிறழாமல் எழுதிய மாணவனின் தாளை நானே திருத்தியிருக்கிறேன். பகுத்தறிவை மந்திரமாக ஓதினால் அது மந்திரத்தின் வேலையைத்தான் செய்யும்.

அப்படியானால் எங்கே கை வைப்பது? என் விடை சலிப்பூட்டக்கூடியது: வினாத்தாளில். மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அதைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 1982க்குப் பின் ஏகலவ்யா என்ற அமைப்பின் பொறுப்பில் வேறு மாவட்டங்களுக்கும் போனது. அங்கே பாடநூலில் விடைகள் இல்லை, செய்முறையும் கேள்விகளும்தான். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பூவைப் பிரிப்பார்கள், வயலுக்குப் போய்ப் பூச்சிகளைப் பார்ப்பார்கள், கிடைத்ததைக் குறித்து வைத்துத் தங்களுக்குள் வாதிடுவார்கள். விடை தெரியாத கேள்விகளை எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதர் இருந்தார். ஊரூராகப் பிள்ளைகள் அவருக்குக் கடிதம் போட்டார்கள், பதிலும் வந்தது.

இதையெல்லாம் வேறு பலரும் முயன்றதுண்டு. ஹோசங்காபாத் வேறுபட்டது தேர்வில். தேர்வுக்கூடத்துக்குள் புத்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் கொண்டுபோகலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகம் கையில் இருக்கும்போது "வரையறு", "ஐந்து பயன்களைக் கூறு" என்றெல்லாம் கேட்க முடியாதல்லவா? கேள்வி தானாகவே மாறியாக வேண்டும். தேர்வு மாறியதும் டியூஷன்காரருக்கும் கைடுக்கும் விற்க ஒன்றுமில்லாமல் போனது. வகுப்பறை மாறுவதற்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை. முப்பது ஆண்டுகள், அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு நடந்த திட்டம் அது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியது மதவாதக் கட்சியின் அரசு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அங்கே காங்கிரஸ் ஆட்சி.

அந்தப் பிள்ளைகள் யாரும் அடிப்படைவாதி ஆகவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பள்ளி கொடுப்பது ஒரு நாளில் ஆறேழு மணி நேரம். வீடும் தெருவும் கட்சியும் கைப்பேசியும் மிச்ச நேரத்தை வைத்திருக்கின்றன. ஒருவர் வெறுப்பின் பக்கம் போவதற்கு வேலையின்மை, அவமானம், அச்சம், கூட்டத்தில் ஒருவனாக இருக்கும் ஆசை என்று சிந்தனைக்குத் தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. பள்ளியால் ஆகக்கூடியது, யாராவது மேடையேறி ஒன்றைச் சொல்லும்போது "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி தொண்டைவரை வரும்படி பழக்கிவிடுவது மட்டுமே. அதை வாய்விட்டுக் கேட்கும் துணிவு வேறு பாடம். அதற்கு ஆசிரியர் தன் வகுப்பில் தன்னையே அப்படிக் கேட்கவிட்டுப் பழக வேண்டும். எனக்கே அது வர இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த மாணவியின் கேள்வியை நாங்கள் கிடப்பில் போடவில்லை. 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு சூரிய கிரகணம். தமிழ்நாட்டில் பகுதி கிரகணமாகத் தெரிந்தது. கொரோனாவால் பள்ளி மார்ச் முதல் பூட்டிக் கிடந்தது, அவர்கள் தேர்வில்லாமலே பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். அந்த மாணவியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணையை வரைந்து போட்டார்: மணி, யார் வீட்டு உலக்கை, எத்தனையாவது முயற்சி, நின்றதா விழுந்ததா. விழுந்ததையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று கீழே சிவப்பில் அடிக்கோடு. பதினோரு வீடுகளில் செய்தார்கள். ஏழு வீட்டில் நின்றது, நான்கு வீட்டில் எத்தனை முயன்றும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிரகணம் இல்லாத நாளில், அதே பதினோரு வீட்டில் அதே உலக்கைகளை மறுபடி வைத்தார்கள். ஆறு நின்றது. குறைந்த அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று ஒரு வாரம் குழுவில் சண்டை நடந்தது. கிரகணத்தின் சக்திதான் என்று இரண்டு பேர் விடாமல் நின்றார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பையன் குரல்பதிவில் சொன்னான்: முதல் வாரம் வைத்தது கூடத்தில், இரண்டாவது வாரம் அம்மா திட்டியதால் கொல்லையில், அங்கே தரை கொஞ்சம் சரிவு.